ஏழு மூட்டை அரிசியும் ஒரு குட்டி காடியும்

காடி கட்டி முடிச்சாச்சான்னு இன்னும் கேக்கறாங்க. முடிச்சு ஏழு மாசம் ஆச்சுங்க, ஆனா அது காடி மாதிரி ஓட ஆரம்பிச்சது போன மாசந்தான். நடுவுல இருக்கற அந்த ஆறு மாசத்த பத்தி யாருமே எழுதறதில்ல, எல்லாரும் பெட்டிய பிரிக்கற படத்த போடுவாங்க, மொத தடவ ஸ்டாட் பண்ற வீடியோவ போடுவாங்க, அதோட சத்தமே இருக்காது. ஏன்னு இப்ப தெரியுது, அந்த ஆறு மாசம் முழுக்க நான் முட்டாள்தனமா சுத்துனதுதான், அத எப்படி படம் புடிச்சு போடறது.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், இது லோட்டஸ் செவன் மாதிரி ஒரு கிட் காடி. சதுர பைப்புல வெல்டிங் பண்ண சேசி, மேல அலுமினியம் தகடு, மூக்கும் மட்கார்டும் ஃபைபர், கதவு கெடையாது, கூரை கெடையாது, ஏசிய பத்தி பேசவே வேணாம். சேசியும் சஸ்பென்ஷன் ஆம்களும் இங்கிலாந்துலேர்ந்து மரப்பெட்டில வந்துச்சு, மத்த சாமான் எல்லாம் இங்கயே புடிச்சது. இஞ்சின் கிள்ளான் பக்கம் ஒரு ஹாஃப் கட் கடையில, அதான் பாதியா வெட்டுன பழைய காடி சாமான் விக்கற கடையில, எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ, 20 வால்வு பிளாக் டாப். 1587 சிசிதான், ஆனா ஒவ்வொரு சிலிண்டருக்கும் காத்து விடற வாய், அதான் த்ரோட்டில், தனித்தனியா கம்பெனியிலேர்ந்தே வர்ற இஞ்சின், அந்த நாலு வாய பாத்தா யாருக்குத்தான் ஆசை வராது. கியர்பாக்ஸ் டி50, பின் ஆக்சில் பழைய கேஇ70 கொரோல்லாவுது. எல்லாம் சேத்து 560 கிலோ. நம்ம மைவி காடியே ஏறக்குறைய ஒரு டன் இருக்கும், இது அதுல பாதிக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

இந்த செவன் காடிக்கும் மலேசியாவுக்கும் சம்பந்தமே இல்லன்னு நெனச்சிராதீங்க. லோட்டஸ் கம்பெனிய தொடங்குன காலின் சாப்மன் 1957-ல ஆரம்பிச்சது, 1973-ல கேட்டர்ஹேம்ங்கற இன்னொரு இங்கிலாந்து கம்பெனி அந்த உரிமைய வாங்கிருச்சு. லோட்டஸ் கம்பெனிய 1996-ல நம்ம புரோட்டான் வாங்குச்சு, கேட்டர்ஹேம ஏர்ஏசியா டோனி பெர்னாண்டஸ் 2011-ல வாங்குனாரு, ஆக கொஞ்ச காலம் ரெண்டு பேருமே நம்ம ஊருக்காரங்க கையில இருந்தாங்க. இப்ப ரெண்டும் கை மாறிருச்சு. என் கையில இருக்கறது ரெண்டும் இல்லாத மூணாவது சாதி.

நம்பர் பிளேட் கெடையாது, ரோட்டுல ஓட்டறதும் கெடையாது. எங்க போனாலும் டோ லோரிதான், ஒவ்வொரு தடவயும் லோரி காசு கொடுக்கும்போது வயிறு எரியும், அது தனி கதை.

சரி இஞ்சின்லேர்ந்து வரேன். இந்த இஞ்சின் முன் வீல் ஓடற காடிக்காக குறுக்கா நிக்கற மாதிரி செஞ்சது, அத நெடுக்கா திருப்பி வெச்சா பின்னாடி இருக்கற டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்குக்கு கரண்ட பிரிச்சு கொடுக்கறது, நேரா இஞ்சினுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தகட்டுல போய் இடிக்கும். அத கழட்டி கடாசிட்டு அதுக்கு பதிலா காயில் பேக் போட்டேன், போட்டா பழைய ஈசியூ, அதான் இஞ்சின் கம்ப்யூட்டர், ஒத்துக்காது, அதனால வெளி ஈசியூ ஒண்ணு வாங்க வேண்டியதாச்சு, இப்படித்தான் ஒரு வெள்ளி செலவு பத்து வெள்ளியா குட்டி போடும். ஸ்டாட் ஆச்சு. ஆனா ஐடிலிங் எப்படின்னா, ரொட்டி சானாய் கடையில மாவ அடிக்கறாங்களே அந்த மாதிரி, தப் தப் தப்னு ஒரு ஒழுங்கே இல்லாம.

நான் என்ன பண்ணேன், லேப்டாப்ப எடுத்து மடியில வெச்சுக்கிட்டு மேப்ப, அதான் ஈசியூவுல இருக்கற பெட்ரோல், டைமிங் கணக்க, மாத்த ஆரம்பிச்சேன். மூணு வாரம். பெட்ரோல கூட்டு, கொறை, டைமிங்க தள்ளு, இழு. செந்தூல்ல இருக்கற எங்க போமன் (மெக்கானிக்) அண்ணே ஒரு நாள் வந்து பாத்தாரு, லேப்டாப்ப திரும்பிக்கூட பாக்கல, ஒரு அடி நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் இருக்கான்னு கேட்டாரு. ஒரு முனைய காதுல வெச்சாரு, இன்னொரு முனைய ஒவ்வொரு த்ரோட்டில் வாய்க்கும் கொண்டு போனாரு. "தம்பி, மூணாவது மட்டும் வேற பாட்டு பாடுது, நீ வந்து கேளு." கேட்டேன். ஒண்ணு, ரெண்டு, நாலு மூணும் மெல்லிசா உஸ்ஸுனு இழுக்குது, மூணாவது மட்டும் கட்டையா ஹோ…னு இழுக்குது. பிறகு காத்து அளக்கற மீட்டர் ஒண்ணு கடன் வாங்கி வெச்சு பாத்தா மூணு வாயும் 5-ல நிக்குது, அது மட்டும் 8. லிங்க்ல இருக்கற ஒரு சின்ன ஸ்குருவ கால் சுத்து திருப்புனதும் தப் தப் போயிருச்சு. மூணு வாரம் நான் செஞ்சது என்னன்னா, ஒரு சிலிண்டர் கெட்டதுக்கு நாலு சிலிண்டருக்கும் மருந்து கொடுத்தது.

மேப்பும் வேணும்தான், இல்லன்னு சொல்லல. தனித்தனி த்ரோட்டில் இருக்கற இஞ்சின்ல பெடல கொஞ்சம் மிதிச்சாலே உள்ள வேக்குவம் படுத்துரும், அதனால அழுத்தத்த பாத்து பெட்ரோல் அளக்கற முறை இதுல கொழம்பிப் போயிரும், த்ரோட்டில் எவ்ளோ தொறந்திருக்கு, ஆர்பிஎம் எவ்ளோ, இந்த ரெண்டையும் வெச்சுத்தான் அளக்கணும். ஃபுல்லா மிதிக்கும்போது காத்துக்கும் பெட்ரோலுக்கும் 13-க்கு 1 கிட்ட வெச்சிருக்கேன், லேசா ஓடும்போது 14.7 பக்கம். கம்ப்ரெஷன் 11, அதனால ரோன் 97தான் ஊத்தறேன், 95 ஊத்தி மத்தியான வெயில்ல ஒரு தடவ டக டகன்னு நாக்கிங் சத்தம் கேட்டதுக்கு அப்புறம் ஆசையே போயிருச்சு.

சூடு பத்தி ஒரு வார்த்த. இங்கிலாந்துக்காரன் போட்ட ரேடியேட்டர் இங்கிலாந்து வெயிலுக்கு. இங்க நிறுத்தி வெச்சு அஞ்சு நிமிஷத்துல 92-லேர்ந்து 108-க்கு ஏறிருச்சு. பெரிய ரேடியேட்டர் வாங்கலாம்னு வெல கூட விசாரிச்சுட்டேன். கடைசில பாத்தா ரெண்டே காரணம். ஒண்ணு, இந்த இஞ்சின்ல தண்ணி வெளிய வர்ற எடம் பின்னாடி ஒசரத்துல இருக்கு, காத்து அங்க போய் உக்காந்துக்குது, மூக்க ரேம்ப்புல ஏத்தி, பின்னாடி ஹோஸ தொறந்து விட்டு, மெதுவா தண்ணி ஊத்துனா கொள கொளன்னு காத்து வெளிய வருது, அப்பா, எவ்ளோ காத்து. ரெண்டு, மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ரெண்டு விரல் சந்து. காத்து எங்க ஈசியோ அங்கதான போகும், ரேடியேட்டர சுத்திக்கிட்டு போயிருச்சு. அலுமினியம் தகடும் ஃபோமும் வெச்சு சந்த அடச்சேன், மொத்த செலவு 40 வெள்ளி.

மொதல்ல ஓட்டுனது கிள்ளான்ல, தெரிஞ்சவர் ஒருத்தரோட லோரி யார்டுல, ஞாயித்துக்கெழம காலியா இருக்கும். மச்சான் கூட வந்தான், என் பொண்டாட்டியோட தம்பி, காடிய பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா கூப்டா வருவான், ஒரு மைலோ ஐஸ் வாங்கிக் கொடுத்தா போதும். அவன் நல்லது பண்றேன்னு நான் ஹெல்மெட் தேடற நேரத்துல நாலு டயருக்கும் 32 பிஎஸ்ஐ காத்து அடிச்சு வெச்சுட்டான், அவன் புரோட்டான் சாகாவுக்கு அடிக்கற கணக்கு. யார்டுல ஒரு சின்ன கல்லு மேல ஏறுனா காடி தவள மாதிரி குதிக்குது, நான் ஸ்பிரிங் தப்பா வாங்கிட்டேன்னே நெனச்சேன். இவ்ளோ லேசான காடிக்கு 18 பக்கம்தான் வேணும், 32 அடிச்சா டயர் நடுவுல மட்டும் தரையில படும். காத்த எறக்குனோம், குதிக்கறது நின்னுச்சு.

பிரேக்கும் அந்த மாதிரிதான். ரேஸ் பேடு வாங்கி போட்டேன், வெல கூட, அதனால நல்லாத்தான் இருக்கும்னு நம்பிக்க. மிதிச்சா மரக்கட்டைய மிதிக்கற மாதிரி, நிக்கவே நிக்காது. அந்த பேடு சூடானாத்தான் புடிக்கும், 560 கிலோ காடியால அத சூடாக்கவே முடியல. கழட்டி வெச்சுட்டு சாதாரண கொரோல்லா பேடு போட்டேன், நகத்த வெச்ச மாதிரி நின்னுச்சு. ரேஸ் பேடு இன்னும் பெட்டியில இருக்கு, யாருக்காச்சும் கனமான காடி இருந்தா சொல்லுங்க.

இப்ப முக்கியமான கதைக்கு வரேன், இதுக்காகத்தான் எழுதவே ஒக்காந்தேன்.

மொத தடவ சிப்பாங் போனோம், டிராக் டே, நம்ம காடிய நாமளே ரேஸ் டிராக்குல ஓட்டிப் பாக்கற நாள். 1999-ல தொறந்த டிராக், 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, 2017 வரைக்கும் எஃப்1 ஓடுன எடம், சின்ன வயசுல அப்பாவோட புல்லு மேட்டுல ஒக்காந்து காதடைக்க பாத்த எடத்துல நானே ஓட்டறேன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. மூணு லேப்புல சந்தோஷமெல்லாம் எறங்கிருச்சு. வலப்பக்கம் திரும்புனா, அதாவது மொத வளைவுலயும் 14-லயும், பின்பக்கம் சட்டுனு வழுக்கிக்கிட்டு சுத்தப் பாக்குது. இடப்பக்கம் திரும்புனா, 9-லயும் கடைசி வளைவுலயும், ஸ்டியரிங்க எவ்ளோ திருப்புனாலும் மூக்கு நேராவே போகுது. பிரேக் அடிச்சா முன் இடது டயர் மட்டும் லாக் ஆகி பொக வருது. ஒரே காடி, ரெண்டு குணம், இடப்பக்கம் மாமியார், வலப்பக்கம் மருமக.

வீட்டுக்கு வந்து நான் பண்ண தப்ப சொல்றேன். ஒரே சனி ஞாயிறுல அலைன்மெண்ட மாத்துனேன், ஸ்பிரிங் ஆட்டத்த அடக்கற டேம்பரோட கிளிக்க மாத்துனேன், டயர் காத்த மாத்துனேன், பின் ஸ்பிரிங்க கழட்டி கொஞ்சம் மெதுவானது போட்டேன். அடுத்த தடவ போனா காடி வேற மாதிரி இருந்துச்சு, ஆனா எதனால வேற மாதிரி இருக்குன்னு எனக்கே தெரியல. நல்லதாச்சா கெட்டதாச்சான்னு கூட சொல்ல முடியல. பிறகு எல்லாத்தையும் பழையபடி வெக்கலாம்னு பாத்தா, பழைய கிளிக் எத்தனன்னு எங்கயும் எழுதி வெக்கல. அன்னிக்கு ஒரு 555 நோட்டு வாங்குனேன், சீனங்கடையில கணக்கு எழுதற அந்த குட்டி நோட்டுதான், 80 காசு கூட இருக்காது, ரெண்டாயிரம் வெள்ளி ஸ்பிரிங்க விட அதான் எனக்கு ஒதவுச்சு.

ரேஸ் ஓட்டற நண்பர் ஒருத்தர்கிட்ட போன்ல பொலம்புனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாரு, "நாலு டயர்லயும் தனித்தனியா எவ்ளோ வெயிட் நிக்குதுன்னு தெரியுமா?" தெரியாது. நாலு ஸ்பிரிங்கயும் ஒரே அளவு மரை வெச்சு டைட் பண்ணிருக்கேன், அடிக்கோல வெச்சு அளந்துதான் வெச்சேன்னு பெருமையா சொன்னேன். மனுசன் சிரிச்சுட்டு, வந்து வெயிட் பாக்கற ஸ்கேல எடுத்துட்டு போங்கன்னாரு.

நாலு கால் உள்ள மேசைய யோசிச்சு பாருங்க. ஒரு கால் லேசா நீளமா இருந்தா அதுவும் அதுக்கு குறுக்க இருக்கற காலும்தான் வெயிட்ட தாங்கும், மத்த ரெண்டும் சும்மா பேருக்கு நிக்கும், மேசை ஆடும். காடிக்கு ஸ்பிரிங் இருக்கறதால ஆட்டம் கண்ணுக்கு தெரியாது, அவ்ளோதான் வித்தியாசம்.

ஸ்கேல் வந்துச்சு, ஆனா வெக்கற தரை மட்டமா இருக்கணுமே. தாமான் வீட்டு போர்ச்சுல எப்பவும் தண்ணி வடிய சாய்வு விட்டிருப்பாங்க. கொத்தனாருங்க வெக்கற மாதிரி ஒரு கண்ணாடி டியூப்புல தண்ணி ஊத்தி மட்டம் பாத்தா, வாசல் பக்கத்துக்கும் லோங்கான் (சாக்கடை) பக்கத்துக்கும் 14 மில்லி எறக்கம். பாத்ரூம் வேலைல மிஞ்சுன டைல்ஸ ஸ்கேலுக்கு அடியில வெச்சு, அதுக்கும் மேல ஒரு மில்லி அர மில்லிக்கு ஏஃபோர் பேப்பர மடிச்சு வெச்சு, நாலு ஸ்கேலும் ஒரே மட்டத்துக்கு வர்றதுக்கே மத்தியானம் ஆயிருச்சு.

அடுத்து டிரைவர். நான் 78 கிலோ, நான் உள்ள ஒக்காந்தா வெளிய ஸ்பேனர் புடிக்கறது யாரு? மச்சான ஒக்கார வெக்கலாம்னா அவன் 95. யோசிச்சு யோசிச்சு கடைசில சமையக்கட்டுக்கு போனேன். பொன்னி அரிசி 10 கிலோ மூட்டை, வீட்டுல மூணு, மாமியார் வீட்டுல ரெண்டு, மச்சான் வீட்டுல ரெண்டு, ஏழு மூட்டை, மிச்சம் எட்டு கிலோவுக்கு டம்பெல். சீட்டுல நாலு, முதுகு பக்கம் ரெண்டு, கால் வெக்கற எடத்துல ஒண்ணு, பெல்ட் போட்டு கட்டியாச்சு. பக்கத்து வீட்டு அங்கிள் கேட்டு பக்கம் வந்து நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு ஒண்ணுமே கேக்காம உள்ள போயிட்டாரு.

நோட்டுல இருக்கறத அப்படியே எழுதறேன். முன் இடது 132, முன் வலது 161, பின் இடது 171, பின் வலது 174. மொத்தம் 638. வலப்பக்கம் கூட இருக்கறது சரிதான், நான், அதாவது அரிசி, அந்தப் பக்கம்தான ஒக்காந்திருக்கு, அத ஸ்பிரிங் வெச்சு மாத்த முடியாது. ஆனா குறுக்கு கணக்க பாருங்க, முன் வலதும் பின் இடதும் சேத்தா 332, இன்னொரு குறுக்கு 306. பாதிப்பாதியா 319 இருக்க வேண்டியது. 52 சதவீதம்னா கொஞ்சம்தானேன்னு தோணும், ஆனா லேசான காடியில அந்த 13 கிலோவ ஒடம்பே கண்டுபிடிச்சிரும். இடப்பக்கம் திரும்பும்போது வெளிப்பக்க முன் டயர் வலதுதான், அதுல ஏற்கனவே சொம கூட, அதான் மூக்கு நேரா போகுது. வலப்பக்கம் திரும்புனா எல்லாம் தலகீழ், பின்பக்கம் வழுக்குது. முன் இடதுல வெறும் 132தான் நிக்குது, பிரேக் அடிச்சா அதுதான மொதல்ல லாக் ஆகும். டிராக்குல பட்ட மூணு கஷ்டமும் அந்த நாலு நம்பர்ல ஒக்காந்திருக்கு. நான் அத பாத்துக்கிட்டே போர்ச் தரையில ஒக்காந்துட்டேன்.

ஸ்பிரிங் சீட்ட, அதான் ஸ்பிரிங்க ஏத்தி எறக்கற மரைய, திருப்ப போறதுக்கு முன்னாடி முன் ஆன்ட்டி ரோல் பார, காடி சாயாம ரெண்டு பக்க வீலயும் சேத்து புடிக்கற கம்பிய, கழட்டணும்னு நண்பர் சொல்லி அனுப்பிருந்தாரு. இடப்பக்க லிங்க் போல்ட்ட தட்டுனா வரல, சுத்தியால ரெண்டு தட்டு தட்டுனதும் டங்குனு ஒரு சத்தத்தோட எகிறி வந்துச்சு, லிங்க் ஓட்டையும் பார் ஓட்டையும் ஆறு மில்லி தள்ளி நிக்குது. ஸ்கேல பாத்தா 332 இருந்தது 326 ஆயிருச்சு! பாதி வியாதி அந்த லிங்க்தான். காடி ஸ்டாண்டு மேல இருக்கும்போது, ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது, பார இழுத்து வெச்சு போல்ட் போட்டது யாரு, நான்தான், ராத்திரி பதினோரு மணிக்கு, சீக்கிரம் முடிக்கணும்னு.

மீதிய ஸ்பிரிங் சீட்டுல எடுத்தோம். முன் இடதையும் பின் வலதையும் கொஞ்சம் ஏத்தி, மத்த ரெண்டையும் அதே அளவு எறக்கி, கால் கால் சுத்தா. ஒவ்வொரு தடவயும் காடிய அமுக்கி ஆட்டி, கொஞ்சம் முன்னாடி பின்னாடி தள்ளி, திரும்ப ஸ்கேல் மேல ஏத்தி. 138, 155, 165, 180. குறுக்கு 320-க்கு 318. பிறகு லிங்க் நீளத்த மாத்தி மாத்தி, போல்ட் விரலால தள்ளுனாலே உள்ள போற மாதிரி வந்ததுக்கு அப்புறந்தான் நட்டு போட்டேன். மணி ஏழே முக்கா. உள்ளேர்ந்து சத்தம், "ஏங்க, அந்த அரிசில ஒரு மூட்டையாச்சும் எறக்குவீங்களா, இல்ல ராத்திரிக்கு நாசி கண்டார் வாங்கறீங்களா?" நாசி கண்டார்தான் வாங்குனேன். நான் அலுத்துப் போயிருந்தேன், அரிசி மட்டும் சொகமா பெல்ட் போட்டு ஒக்காந்திருந்துச்சு.

போன மாசம் திரும்ப சிப்பாங். வேற எதையும் தொடல, டயர் காத்து 18, மேப் அதே மேப், பின் ஸ்பிரிங் மட்டும் பழையத திருப்பி போட்டுட்டேன். மொத லேப்புல 9-வது வளைவுல ஸ்டியரிங்க திருப்புனேன், மூக்கு உள்ள போச்சு. அவ்ளோ சாதாரணமா போச்சு, ஒரு நிமிஷம் என்ன பண்றதுன்னே தெரியல, வழக்கமா அந்த எடத்துல நான் கெட்ட வார்த்த சொல்லிக்கிட்டு இருப்பேன். 14-ல பிரேக் அடிச்சா பொக இல்ல. இடமும் வலமும் ஒரே காடி. டைம் எவ்ளோ கொறஞ்சுச்சுன்னு மச்சான் கேட்டான், டைமரே ஆன் பண்ணல.

அப்பாடான்னு இருக்க விடுமா? அஞ்சாவது வளைவு, இடப்பக்கமா நீளமா வேகமா போற வளைவு, இப்ப காடி ஒழுங்கா புடிக்குதா, அதனால முன்ன விட வேகமா போறேன், பாத்தா ஆயில் பிரஷர் முள்ளு கீழ எறங்குது, வளைவ விட்டு வெளிய வந்ததும் ஏறிக்குது. தரையில இடிக்க கூடாதுன்னு சம்ப்ப, அதான் இஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டிய, வெட்டி ஒசரத்த கொறச்சிருக்கோம், உள்ள தடுப்பு தகடு இல்ல, ஆயில் எல்லாம் வலப்பக்கமா போய் ஒட்டிக்குது, பம்ப்பு காத்த உறிஞ்சுது. ரெண்டு தடவ பாத்தேன், மூணாவது தடவ ரிஸ்க் எடுக்கல, பிட்டுக்குள்ள வந்து ஆஃப் பண்ணிட்டேன். நாலு மணிக்கு வழக்கம்போல மழ கொட்டுச்சு, டோ லோரி மேல காடி குளிச்சுக்கிட்டே வந்துச்சு, சீட்டுல நின்ன தண்ணிய மச்சான் மைலோ கப்புல மொண்டு ஊத்துனான்.

இப்ப சம்ப் கழட்டி போர்ச்சுல கெடக்கு. தடுப்பு தகடுக்கு அட்டையில அளவு வெட்டி போமன் அண்ணேகிட்ட கொடுத்திருக்கேன், அடுத்த வாரம் வெல்டிங். 555 நோட்டுல 23-வது பக்கம் போய்க்கிட்டு இருக்கு. மாமியாரோட ரெண்டு மூட்டைய திருப்பி கொடுத்தாச்சு, அதுல ஒண்ணு லேசா பெட்ரோல் வாட அடிக்குதாம்.